வண்டியை எண்ணுவோர் ஆளையும் எண்ணுக!

சென்னை மாநகரின் பேருந்து நிலையங்களிலும் பணிமனை வாயில்களிலும் கையில் படப்பொறியோடு நிற்கும் இளைஞர் சிலரைக் காணலாம். அவர் எப்பேருந்திலும் ஏறுவதில்லை. எவரையும் வழியனுப்ப வந்தவரும் அல்லர். உள்ளே வரும் வண்டி எப்பணிமனையைச் சேர்ந்தது, எவ்வாண்டில் பதிவானது, அதன் உடல் எங்குக் கட்டப்பட்டது, நேற்று எத்தடத்தில் ஓடியது, இன்று எத்தடத்திற்கு மாற்றப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொள்வதே அவர்தம் வேலை. புதிய வண்டி ஒன்று வந்தால் அவர்க்கு அது திருநாள். பழைய வண்டி ஒன்று கழிக்கப்பட்டால் அது துயர்நாள். இதனைப் பொழுதுபோக்கு என்பாரும், வேலையற்றார் வேலை என்று நகுவாரும் உளர்.

நகுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆற்றில் நீர் எவ்வளவு வருகிறது என்று கரையில் நின்று பார்ப்பவனை எவரும் நகுவதில்லை. வயலுக்கு நீர் வேண்டுமன்றோ? பேருந்தும் அத்தகையதே. மாநகரின் உழைக்கும் மக்களுக்கு அதுவே ஆறு. அந்த ஆறு பெருகுகிறதா, வற்றுகிறதா என்று பார்ப்போர் வேண்டும். அரசு ஒரு கணக்குச் சொல்லும். எதிர்க்கட்சி ஒரு கணக்குச் சொல்லும். சாலையில் நின்று தம் கண்ணால் எண்ணியவரின் கணக்கு அவ்விரண்டினும் மேலானது. ஆயினும், இவ்விளைஞரின் கணக்கில் ஒரு பெருங்குறை உண்டு. அவர்கள் வண்டியை எண்ணுகிறார்கள். வண்டிக்காகக் காத்து நிற்கும் ஆளை எண்ணுவதில்லை. அக்குறை அவர்களுடையது மட்டுமன்று. ஆளும் கட்சிகளும் போக்குவரத்துக் கழகமும் நாளிதழ்களும் அதே குறையோடுதான் பேருந்தைப் பற்றிப் பேசிவருகின்றன.

முதலில் வண்டிக் கணக்கையே காண்க.

1947ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாநில அரசு மாநகரில் பேருந்து நடத்தத் தொடங்கியபோது அதனிடம் இருந்தவை 30 வண்டிகள். 1895இல் ஓடத் தொடங்கிய திராம் என்னும் மின்வண்டிகள் 1953 ஏப்பிரல் 12ஆம் நாளோடு நின்றன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்னைக்குக் காலாக இருந்த ஓர் அமைப்பு ஒரே நாளில் மறைந்தது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டபின் அது மீளவே இல்லை. அதன் சுமை முழுவதும் பேருந்தின் தோளில் ஏறியது. 1972 சனவரி 1ஆம் நாள் பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1,029 வண்டிகளோடு பிறந்தது. 1994இல் வடசென்னைக்கென அம்பேத்கர் பெயரில் ஒரு கழகம் பிரிந்தது. 1997இல் கழகங்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. 2001இல் பிரிந்த இரண்டும் ஒன்றாகி, இன்றைய மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. அதன் வண்டிகள் அண்மைப் பதினைந்து ஆண்டுகளாக மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் இடையிலேயே நிற்கின்றன.

ஆயிரம் மூவாயிரத்தைத் தாண்டியது வளர்ச்சியன்றோ என்று கேட்பர். மக்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையும் அதனை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த மக்கள்தொகை ஏறத்தாழ 31.7 இலக்கம். 1,029 வண்டிகள் என்றால் பத்தாயிரம் பேருக்கு மூன்று வண்டிக்குச் சற்று மேல். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 86.5 இலக்கம், இன்று அது ஒரு கோடியைக் கடந்திருக்கும் என மதிப்பிடுகின்றனர். நாலாயிரம் வண்டி என்றே வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம் பேருக்கு நான்கைத் தாண்டவில்லை. ஐம்பது ஆண்டுகள் உருண்டும் ஒருவர்க்குக் கிடைக்கும் பேருந்தின் பங்கு ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது. நகர்ப் போக்குவரத்துக்கென நடுவண் அரசு வகுத்த அளவுகோலோ நன்னிலை என்பதற்குப் பத்தாயிரம் பேருக்கு ஆறு வண்டி கேட்கிறது. அதன்படி, 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக்கே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடியிருக்க வேண்டும்.

இதனினும் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நகரம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 174 சதுரக் கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி எல்லை 2011இல் 426 சதுரக் கிலோமீட்டராக விரிந்தது. வெளியூர்ப் பேருந்து நிலையம் பாரிமுனையிலிருந்து 2002இல் கோயம்பேட்டுக்குச் சென்றது. 2023 திசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டபின் தென்மாவட்ட வண்டிகளுக்கு வாயில் அதுவாயிற்று. வழித்தடம் நீண்டால் ஒரு வண்டி ஒரு நாளில் ஓடும் நடைகளின் எண்ணிக்கை குறையும். எட்டு நடை ஓடிய வண்டி ஆறு நடைதான் ஓடும். நெரிசல் மிகுந்தால் அதுவும் ஐந்தாகும். பணிமனைப் பதிவேட்டில் வண்டி குறையவில்லை. நிறுத்தத்தில் நிற்பவளுக்கோ வண்டி குறைந்துவிட்டது! பழுதாகி நிற்பவையும், ஓட்டுநர் இல்லாமையால் எடுக்கப்படாதவையும் பதிவேட்டில் வண்டிகளாகவே இருக்கும். ஆகவே, வண்டி எத்தனை என்னும் வினா பாதி வினாவே. எத்தனை வண்டி வாயிலைக் கடந்தது, எத்தனை நடை ஓடியது, எத்தனை நாழிகைக்கு ஒருமுறை வந்தது என்பனவே முழு வினா. இவற்றை அறியத் தகுதி பெற்றவர் பணிமனை வாயிலில் நிற்கும் அவ்விளைஞரே.

இனிப் பயணியர் கணக்கைக் காண்க.

2010களின் முற்பகுதியில் நாளொன்றுக்கு ஐம்பது இலக்கத்தை ஒட்டியிருந்த மாநகர்ப் பேருந்துப் பயணம், அண்மை ஆண்டுகளில் முப்பது இலக்கத்தை ஒட்டியதாகச் சுருங்கியது. இச்சுருக்கத்தைக் காட்டி, மக்கள் பேருந்தை வெறுத்துவிட்டனர் என்றும், இனி எதிர்காலம் தொடர்வண்டிக்கும் தனியூர்திக்குமே என்றும் கூறுவார் பலர். இது நோயாளி உண்ணவில்லை என்று சொல்லிச் சோற்றுப் பானையையே உடைப்பது போன்றது. ஏன் உண்ணவில்லை என்றன்றோ கேட்க வேண்டும்?

2018 சனவரி 20ஆம் நாள் கட்டணம் ஏற்றப்பட்டது. மூன்று உருபாவாக இருந்த தாழ்ந்த கட்டணம் ஐந்து உருபாவாயிற்று. மாணவரும் மக்களும் தெருவில் இறங்கிப் போராடியபின் சில நாளில் சிறிது குறைத்தனர். ஆயினும் போன பயணியர் திரும்பவில்லை. கணவனும் மனைவியும் நாள்தோறும் இருமுறை பேருந்தேறக் கொடுக்கும் தொகையைக் கூட்டிப் பார்த்த குடும்பம், தவணைக்கு ஓர் ஈருருளி வாங்குவதே மேல் என்று முடிவுகட்டியது. ஒருமுறை ஈருருளி வாங்கியவர் எளிதில் பேருந்துக்கு மீள்வதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாக் கொள்ளைநோயால் நின்ற மாநகர்ப் பேருந்துகள் செப்தம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் ஓடின. ஐந்து திங்களுக்கு மேல் பேருந்தின்றி வாழ்ந்த மக்கள் வேறு வழி தேடிக்கொண்டதில் வியப்பென்ன? மெட்ரோத் தொடர்வண்டி 2015 சூன் 29இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது முதல், கட்டணம் கொடுக்க வல்லார் சிலர் அதற்குச் சென்றனர். ஆனால், தொடர்வண்டி பெருந்தடங்களை ஒட்டியே செல்லும். சந்துக்கும் குப்பத்துக்கும் அது வாராது.

இங்ஙனம் ஒரு நச்சுச் சுழல் உருவாகிறது. வண்டி குறைந்தால் காத்திருப்பு நீளும். காத்திருப்பு நீண்டால் பயணியர் குறைவர். பயணியர் குறைந்தால் வருவாய் குறையும். வருவாய் குறைந்தால், 'இத்தடத்தில் ஆளில்லை' என்று சொல்லி வண்டி இன்னும் குறைக்கப்படும். ஆளில்லை என்பது மெய்யா? ஆள் இருந்தான், அரைமணி நின்றான், பிறகு பகிர்வுத் தானியில் ஏறிப் போனான். பயணச்சீட்டுக் கணக்கு ஏறியவனை மட்டுமே காட்டும். ஏற முடியாமற் போனவனைக் காட்டாது. படிக்கட்டில் தொங்கியவனும், கூட்டம் கண்டு அஞ்சி அடுத்த வண்டிக்கு நின்ற முதியவளும், வேலைக்குப் பிந்தியதால் அரைநாட் கூலியை இழந்தவளும் எக்கணக்கிலும் இல்லாதவர்கள்.

சுருக்கத்தைப் பற்றிப் பேசுவோர் 2021ஆம் ஆண்டு நிகழ்ந்ததை மறைக்கலாகாது. அவ்வாண்டு மே 7ஆம் நாள் பொறுப்பேற்ற அரசு, வெண்பலகை மாட்டிய கட்டணக் குறைவுப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்று அன்றே ஆணையிட்டது. மறுநாள் அது நடப்புக்கு வந்தது. பின்னர்த் திருநங்கையர்க்கும் மாற்றுத்திறனாளர்க்கும் அது விரிந்தது. விளைவு யாது? மாநிலம் முழுதும் அவ்வகைப் பேருந்துகளில் நாற்பது விழுக்காட்டளவில் இருந்த பெண்பயணியர் பங்கு, அரசு தந்த கணக்கின்படி, அறுபதைக் கடந்தது. அத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்குத் திங்கள்தோறும் நிரவலாக 888 உருபா எஞ்சுகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. பேருந்தை மக்கள் வெறுத்துவிட்டனர் என்னும் கூற்றை இவ்வொன்றே பொய்யாக்குகிறது. தடையாக இருந்தது வெறுப்பன்று, காசு.

அந்த 888 உருபாவின் பொருளை அறிய விழைவோர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் சென்று பார்க்கட்டும். கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் நகர நடுவில் வாழ்ந்த குடும்பங்களைப் பெயர்த்து, நகரின் தென்கோடியில் அடுக்குமாடிகளில் கொண்டுபோய் அடைத்தனர். 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் பெயர்த்தது இன்னும் மிகுந்தது. வீடு பெயர்ந்தது, வேலை பெயரவில்லை. மயிலையிலும் தியாகராய நகரிலும் பிறர் வீட்டில் ஏனம் துலக்கியும் துணி துவைத்தும் பிழைக்கும் பெண், விடியுமுன் எழுந்து அவ்வளவு தொலைவும் வந்தாக வேண்டும். அவளுக்குப் பேருந்து ஏந்து அன்று; உயிர்நாடி. ஒரு நடை தவறினால் ஒரு வீட்டு வேலை போகும். இத்தகையவளை நோக்கி 'ஓசிப் பயணம்' என்று இழித்துப் பேசுவோரும் இந்நாட்டில் உளர். அரசின் கருவூலம் மக்களின் வரிப்பணம். அவ்வரியில் அவள் வாங்கும் உப்புக்கும் புளிக்கும் உரிய பங்கும் உண்டு. மேம்பாலத்தில் கட்டணமின்றித் தன் சீருந்தை ஓட்டிச் செல்பவனை எவரேனும் ஓசி என்றதுண்டா? பேருந்தில் ஏறும் ஏழைப் பெண் மட்டும் ஓசியோ?

2022ஆம் ஆண்டு ஆகத்து முதல், கட்டணமில்லாப் பேருந்தை எளிதில் அடையாளம் காண முன்புறத்தில் இளஞ்சிவப்பு பூசினர். வண்டி நோக்கும் இளைஞர் அவ்வண்ணம் பூசிய வண்டிகளை ஆர்வத்தோடு படம் பிடித்தனர். நன்று. ஆயின், ஒரு தடத்தில் இளஞ்சிவப்பு வண்டி எத்தனை, பிற வண்டி எத்தனை என்று எண்ணியவர் எத்தனை பேர்? பெண்ணுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்துவிட்டு அத்தடத்தில் வெண்பலகை வண்டியைக் குறைத்து விரைவு வண்டியையும் சொகுசு வண்டியையும் பெருக்கினால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்ததாகும். அப்படி எத்தடத்திலேனும் நடக்கிறதா இல்லையா என்பதை மெய்ப்பிக்கத் தாளும் எழுதுகோலும் போதும்.

வண்டியின் உருவிலும் இந்நோக்கு வேண்டும். சென்னைச் சாலைகளில் நெடுங்காலம் ஓடியவை சரக்குந்தின் அடிச்சட்டத்தை ஒத்த சட்டத்தின்மேல் உடல் கட்டப்பட்டவை. அவற்றின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும். முழங்கால் நோவுள்ள மூதாட்டிக்கு அப்படிக்கட்டு ஒரு மலை. சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கோ அடைத்த கதவு. தாழ்தளப் பேருந்தின் தளம் 400 மில்லிமீட்டர் உயரமே. 900 மில்லிமீட்டர் போதும் என்று அரசு வாங்க முற்பட்டபோது, மாற்றுத்திறனாளர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று வழக்காடினர். அப்போராட்டத்தின் பயனாக 2024 ஆகத்தில் தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. 2025 சூன் 30ஆம் நாள் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் தாழ்தளத்தோடு புறப்பட்டன. அவற்றின் ஒளியையும் வண்ணத்தையும் வியந்து எழுதியவர் பலர். அப்பேருந்தின் அருமை ஒளியில் இல்லை. இதுவரை வீட்டோடு கிடந்த ஒருவர் முதன்முறையாகத் துணையின்றி ஏறி அமர்ந்ததில் இருக்கிறது. அவர்தம் எண்ணிக்கையே அவ்வண்டியின் உண்மை மதிப்பு.

தமிழ்ப்பற்றாளர் எண்ணவேண்டிய மற்றொன்றும் உண்டு. பேருந்து, ஓட்டுநர், நடத்துநர், பயணச்சீட்டு, வழித்தடம், பணிமனை, சிற்றுந்து என்னும் சொற்கள் அகரமுதலியில் உறங்கிப்போன சொற்கள் அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனும் அறிந்த சொற்கள். இவை எவ்வாறு பரவின? புலவர் ஆக்கிக் கொடுத்தனர். பேருந்து சுமந்து சென்றது. நாள்தோறும் இலக்கக்கணக்கானோர் கண்முன் பலகையில் எழுதி நின்றதால் அவை நிலைத்தன. 1967ஆம் ஆண்டு அமைந்த அண்ணாவின் அமைச்சரவையில் போக்குவரத்தைப் பொறுப்பேற்ற கலைஞர் கருணாநிதி பேருந்துதோறும் திருக்குறளை எழுதச் செய்தார். பள்ளிக்குச் செல்லாதார்க்கும் அது பள்ளியாயிற்று. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று கழகங்களுக்கு இட்ட பெயர்களால் வரலாறும் சாலையில் ஓடியது. இன்றோ பதிவெண்ணை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு நடுவண் ஊர்தி விதி கட்டளையிடுகிறது. தடத்தின் கிளையைக் குறிக்கவும் 29சி என்று ஆங்கில எழுத்தையே ஒட்டுகின்றனர். முன்னது தில்லியின் விதி. பின்னது சென்னையின் சோம்பல். கிளைத்தடத்திற்கு அகரமும் ஆகாரமும் இட எந்தத் தில்லியும் தடை சொல்லவில்லை. ஓட்டுனர், நடத்துனர் என்று பிழைபட எழுதுவதையும் திருத்த ஒரு குடம் வண்ணம் போதும்.

ஆனால், இதனினும் அடிப்படையான உண்மை ஒன்று உண்டு. ஆளில்லாப் பேருந்தில் எழுதிய குறளை எவர் படிப்பர்? பேருந்து தேய்ந்தால் அது சுமந்த தமிழும் தேயும். தனியூர்தியில் செல்பவன் தன் குடும்பத்தை மட்டுமே காண்கிறான். பேருந்தில் செல்பவன் தன் மக்களைக் காண்கிறான். மீன் கூடையும் நூற்பையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு செல்லும் இடம் அது. சாதி கேளாமல் ஒருவர் அருகில் ஒருவர் அமரும் இடம் அது. அத்தகைய பொதுவிடங்கள் தமிழகத்தில் மிகப் பலவா?

ஆகவே, செய்யவேண்டியவை தெளிவு. போக்குவரத்துக் கழகம் ஒவ்வொரு தடத்திலும் நாள்தோறும் ஓடவேண்டிய நடை எத்தனை, ஓடிய நடை எத்தனை என்று தமிழில் எழுதி ஒவ்வொரு நிலையத்திலும் தொங்கவிட வேண்டும். 'ஆளில்லை' என்று சொல்லி ஒரு நடையை நிறுத்துமுன் அந்நிறுத்தங்களில் நிற்பவரை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயிரம் பேருக்கு எத்தனை வண்டி என்னும் அளவை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அரசு இவற்றைத் தானே செய்யும் என்று காத்திருத்தல் பேதைமை.

வண்டி நோக்கும் இளைஞர் நூற்றுவர், ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றத்தார் நூற்றுவர், காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி, தத்தம் தெருமுனை நிறுத்தத்தில் நின்று எண்ணட்டும். எத்தனை வண்டி வந்தது? எத்தனை நாழிகை இடைவெளி? எத்தனை பேர் ஏறினர்? எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றனர்? அவருள் பெண்கள் எத்துணையர்? முதியோர் எத்துணையர்? ஒரு திங்கள் இவ்வாறு எண்ணி, அக்கணக்கைப் பணிமனை மேலாளர் முன்னும் மாநகராட்சி உறுப்பினர் முன்னும் வைத்தால், 'ஆளில்லை' என்னும் பொய் அன்றோடு மாளும்.

வண்டியைக் காதலிப்பது பிழையன்று. இரும்பும் உருளியும் கூட அழகுடையனவே. ஆனால், வண்டி ஆளுக்காக. ஆள் வண்டிக்காக அன்று. திராம் மறைந்த நாளில் சென்னையர்க்குப் பேருந்து இருந்தது. பேருந்து மறைந்தால் ஏழைக்கு எது இருக்கிறது? கால்தான் இருக்கிறது. அந்நாள் வருமுன் எண்ணத் தொடங்குக!